‘கைர் மும்கின் பஹாட்’: தில்லியின் தென்புறக் குன்றுகளில் காடும் வீடும்

வட இந்திய வருவாய்ப் பதிவேடுகளில் ‘கைர் மும்கின் பஹாட்’ என்றொரு நிலவகை உண்டு. ‘கைர் மும்கின்’ என்றால் இயலாதது. ‘பஹாட்’ என்றால் மலை. ஏர் பூட்ட இயலாத, ஆகவே தீர்வை விதிக்கவும் இயலாத குன்று என்று பொருள். தமிழகத்தின் ‘புறம்போக்கு’ என்னும் சொல்லைப் போலவே இதுவும் நிலத்தின் இயல்பைச் சொல்வதில்லை. அரசுக் கருவூலத்துக்கு அந்த நிலத்தால் பயனில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. தில்லிக்குத் தெற்கே, இன்றைய ஹரியாணாவின் ஃபரீதாபாத், குருகிராம் மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் ஆரவல்லித் தொடரின் வடகோடிக் குன்றுகளில் பெரும்பகுதி இப்பெயரில்தான் பதிவாகியிருந்தது.

பதிவேட்டில் இயலாத நிலமாகக் கிடந்த அதே குன்றுகளில் குஜ்ஜர் கிராமங்களின் ஆடுமாடுகள் மேய்ந்தன. விறகும் தழையும் கிடைத்தன. மழைநீர் பாறை இடுக்குகளில் இறங்கிச் சமவெளிக் கிணறுகளுக்கு ஊறியது. இன்று அங்கே நிலத்தின் விலை கோடிகளில் பேசப்படுகிறது. பயனற்றதென்று எழுதப்பட்ட குன்று எப்படி வீட்டுமனையானது, அந்த மனையை நீதிமன்றம் எப்படிக் காடென்று அறிவித்தது, அந்த அறிவிப்பின் சுமை யார் தலையில் முதலில் விழுந்தது என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துப் பார்க்காமல், ‘வளர்ச்சியா, இயற்கையா’ என்று இவ்வழக்கைச் சுருக்கிவிடுவது பிழையாகும்.

இதன் சட்டவேர் தில்லியில் இல்லை. பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்தில், சிவாலிக் மலையடிவாரத்தில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே மரங்கள் வெட்டப்பட்டுச் சரிவுகள் மொட்டையாகவே, ‘சோ’ எனப்படும் பருவகாலக் காட்டாறுகள் மணலை அள்ளிவந்து சமவெளி வயல்களை மூடின. வயல் மூடினால் தீர்வை குறையும். அதற்கு மருந்தாக வந்ததே 1900-ஆம் ஆண்டின் பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டம். குறிப்பிட்ட நிலப்பகுதியை அறிவிக்கை செய்து, அங்கே மரம் வெட்டுவதையும் கல் உடைப்பதையும் புதிதாக உழுவதையும் தடுக்க அச்சட்டம் அரசுக்கு அதிகாரம் அளித்தது. காட்டைப் பேணுவதோ வனவிலங்குகளைக் காப்பதோ அதன் முதல் நோக்கமன்று. மேலே இருந்தவர்களின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தி, கீழே இருந்த வயல்களின் வருவாயைக் காப்பதே நோக்கம். இன்னொரு கூறும் முக்கியமானது. இச்சட்டம் நிலத்தின் உடைமையைத் தொடுவதில்லை. நிலம் உடையவனிடமே இருக்கும். அதில் என்ன செய்யலாம் என்பது மட்டும் கட்டுப்படும். நூறாண்டுக்குப் பின் எழுந்த சிக்கல்களில் பாதி இந்த ஒரு கூறிலிருந்து பிறந்தவை.

மறுபாதி, கிராமப் பொதுநிலத்தின் கதை. பஞ்சாபில் அதற்கு ‘ஷாமிலாத் தேஹ்’ என்று பெயர். பொது என்ற சொல்லைக் கண்டு, ஊரார் அனைவருக்கும் உரியது என்று எண்ணிவிடக் கூடாது. பட்டாதாரர்களான நிலவுடைமையாளர்களுக்கே அதில் பங்கு எழுதப்பட்டது. பெரும்பாலும் அவரவர் சொந்த நிலத்தின் அளவுக்கோ செலுத்திய தீர்வைக்கோ ஏற்ற விகிதத்தில். கைவினைஞர்களும் தலித்துகளும் வழக்காற்றால் மேய்த்தார்கள், விறகு பொறுக்கினார்கள். பதிவேட்டில் அவர்களுக்கு இடமில்லை. 1961-இல் வந்த பஞ்சாப் கிராமப் பொதுநிலச் சட்டம் இந்நிலங்களைப் பஞ்சாயத்துகளின் கைக்கு மாற்றியது. ஆனால், தில்லியை ஒட்டிய குன்றுக் கிராமங்கள் பலவற்றில் உடைமையாளர்கள் வழக்காடியும் சமரசம் செய்தும் நிலத்தைத் தங்கள் பெயருக்குத் திருப்பிக்கொண்டனர். 1970-களிலும் 80-களிலும் அந்தப் பங்குகள் விற்பனைக்கு வந்தன. வாங்கியவர்கள் பெரும்பாலும் தில்லிக்காரர்கள்.

அப்போதும் கையில் இருந்தது பங்கு மட்டுமே. குன்றின் எந்த மூலை யாருக்கு என்பது எழுதப்படவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கப் பயன்பட்டது நிலத்தொகுப்புச் சட்டம். சிதறிக் கிடக்கும் வயல் துண்டுகளை ஒன்றுசேர்த்து உழவனுக்கு ஒரே இடத்தில் தருவதற்காக 1948-இல் இயற்றப்பட்ட சட்டம் அது. வயலே இல்லாத குன்றில் அதைச் செயல்படுத்தியபோது விளைவு நேர்மாறானது: ஒன்றாகக் கிடந்த மலை, எல்லை குறிக்கப்பட்ட துண்டுகளாயிற்று. காகிதத்தில் இருந்த பங்கு, வேலியடைக்கத் தக்க மனையாயிற்று. உழவருக்கான சீர்திருத்தம் நிலவணிகத்தின் கருவியான இந்த இடம் ஆய்வாளர்களின் கூடுதல் கவனத்துக்கு உரியது. வீடமைப்பு நிறுவனங்களின் விளம்பரப் பலகைகள் குன்றில் நடப்படுவதற்கு நெடுநாள் முன்னரே முடிவு எழுதப்பட்டுவிட்டது.

இந்த வரலாறு மிகத் தெளிவாகத் தெரியும் ஊர் மாங்கர். ஃபரீதாபாதுக்கும் குருகிராமுக்கும் இடையே உள்ள இக்கிராமத்தின் பள்ளத்தாக்கில் ‘மாங்கர் பனி’ என்னும் கோயிற்காடு இருக்கிறது. குதரியா தாஸ் என்ற துறவி அங்கே தவம் செய்து மறைந்தார் என்பது நம்பிக்கை. அவருடைய காட்டில் ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்கக் கூடாது, ஆடு மேய்க்கக் கூடாது. மீறினால் தீங்கு வரும். மாங்கர், பந்த்வாரி, பலியாவாஸ் ஆகிய மூன்று ஊர்க் குஜ்ஜர்களும் தலைமுறைகளாக இதைக் கடைப்பிடித்து வந்தனர். இதன் பயனை மரங்களிலேயே பார்க்கலாம். ‘தௌ’ என்பது ஆரவல்லிக் குன்றுகளில் வளரும் மரம்; தமிழகக் காடுகளின் வெக்காலிக்கு நெருங்கிய உறவு. ஆடுகள் கடித்துக்கொண்டே இருந்தால் அது பாறையோடு பாறையாகப் படர்ந்து புதராகவே கிடக்கும். விட்டுவைத்தால் மட்டும் மெல்ல மெல்ல மரமாக எழும். அண்டைக் குன்றுகளில் சீமைக்கருவேலமும் முட்புதரும் மண்டியிருக்க, பனியில் மட்டும் தௌ மரங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. வனத்துறையின் முள்வேலி இல்லாமல், ஊர்க்கட்டுப்பாடு ஒன்றினாலேயே எழுந்த காடு அது.

ஆனால், அதே ஊரின் நிலவுடைமையாளர்கள்தாம் பனியைச் சுற்றியும், பனிக்குள்ளேயும் இருந்த பங்குகளை விற்றிருந்தனர். இதில் முரண் இருப்பதாக நகரத்து ஆர்வலர்கள் வியப்பதுண்டு. உண்மையில் முரண் ஏதுமில்லை. பங்கு விற்ற காலத்தில், காடு போய்விடும் என்று எவரும் எண்ணவில்லை. காகிதம் ஒரு கணக்கு, பாபாவின் காடு வேறொரு கணக்கு. இரண்டும் மோதும் என்பது, 2031-ஆம் ஆண்டை இலக்காகக் கொண்ட மாங்கர் வளர்ச்சித் திட்டத்தின் வரைவு வந்தபோதுதான் ஊருக்கு உறைத்தது. அந்த வரைவில் கோயிற்காடு கோயிற்காடாகக் காட்டப்படவில்லை. ஊர் இரண்டுபட்டது. பனியில் ஒரு செங்கல்கூட விழக் கூடாது என்றனர் சிலர். குருகிராமில் நிலம் விற்றவர்கள் மாளிகை கட்டிவிட்டார்கள், நாங்கள் மட்டும் எருமை மேய்த்துக்கொண்டு காட்டுக்குக் காவல் இருக்க வேண்டுமா என்று கேட்டனர் வேறு சிலர். இரண்டாவது கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தலைநகர் வட்டாரத் திட்டம் 2021, ஆரவல்லியை ‘இயற்கைப் பாதுகாப்பு மண்டலம்’ என்று குறித்து, பொழுதுபோக்குக்கான கட்டுமானத்தைக்கூட மொத்தப் பரப்பில் 0.5 விழுக்காட்டுக்குள் அடக்கியிருந்தது. அவ்விதியின் துணையோடும், கிராமத்தாரும் நகர்வாசிகளும் சேர்ந்து எழுப்பிய எதிர்ப்பாலும் வரைவு நின்றது. 2016-இல் ஹரியாணா அரசு பனியின் 677 ஏக்கரையும், அதைச் சுற்றி ஒரு காப்பு வளையத்தையும் கட்டுமானம் கூடாத பகுதியாக ஏற்றுக்கொண்டது.

இதற்கிடையே ‘காடு’ என்ற சொல்லின் பொருளே நாடெங்கும் மாறியிருந்தது. அந்த மாற்றம் தமிழகத்தின் நீலகிரியிலிருந்து தொடங்கியது என்பதைத் தமிழ் வாசகர் நினைவில் கொள்ளலாம். கூடலூரில் நிலம்பூர் கோவிலகத்தின் பழைய ஜென்ம நிலக் காடுகள் அழிவதைக் கண்டு, அக்குடும்பத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம் அளித்த உத்தரவு கூடலூரைத் தாண்டிச் சென்றது. அகராதிப் பொருளில் காடாக இருப்பதும், அரசு ஆவணம் எதிலேனும் காடு என்று பதிவாகியிருப்பதும், யாருடைய உடைமையாக இருந்தாலும் காடே. 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பொருந்தும் என்றது. ஹரியாணா அரசு, 1900-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அறிவிக்கை செய்த நிலங்களைக் காடென்றே தன் பிரமாணப் பத்திரங்களில் குறிப்பிட்டிருந்தது. வயலில் மணல் விழாமல் தடுக்கப் பிறந்த சட்டம், இவ்வாறு தற்செயலாக, தில்லியின் விளிம்பிலிருந்த குன்றுகளுக்குக் காவலாயிற்று. தற்செயல் என்பதால்தான் அந்தக் காவல் இன்றளவும் ஆட்டம் காண்கிறது.

அதன் முதல் பெருஞ்சோதனை அனங்பூர் கிராமத்தின் காந்த் என்கிளேவ். சூரஜ்குண்டுக்கு அருகே ஏறத்தாழ 424 ஏக்கரில், திரைப்படப் படப்பிடிப்புக் கூடமும் அதைச் சார்ந்த வளாகமும் அமைக்க 1984-இல் விலக்குப் பெற்ற நிறுவனம், நாளடைவில் மனைகளை விற்றது. 1992 ஆகஸ்டு 18 அன்று அந்நிலம் 1900-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அறிவிக்கை செய்யப்பட்டது. வனத்துறை எழுதி எழுதி எச்சரித்தும், நகரமைப்புத் துறை ஒப்புதல் வழங்கிக்கொண்டே இருந்தது. ஒரே அரசின் இரண்டு துறைகள் எதிரெதிராக நின்ற விந்தை இது. 2018 செப்டம்பர் 11 அன்று நீதிபதிகள் மதன் லோகூரும் தீபக் குப்தாவும் அளித்த தீர்ப்பு, அந்த அறிவிக்கைக்குப் பின் எழுந்த கட்டடங்களை ஆண்டு இறுதிக்குள் இடிக்கச் சொன்னது. அத்தீர்ப்பில் இன்னொரு பகுதி உண்டு. வீடு கட்டியவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள் என்று கருதி, ஒவ்வொருவருக்கும் 50 லட்சம் ரூபாயை நிறுவனமும் மாநில அரசும் பாதிப்பாதியாகத் தர வேண்டும் என்றது. அரசின் கையொப்பத்தை நம்பியவன் அரசின் தவற்றுக்குத் தண்டம் செலுத்தக் கூடாது என்ற நியாயம் அதில் இருந்தது.

ஐந்தே மாதத்தில், 2019 பிப்ரவரி 27 அன்று, ஹரியாணா சட்டமன்றம் 1900-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தியது. வளர்ச்சித் திட்டங்களில் அடங்கிய நிலங்களுக்கு அதன் கட்டுப்பாடு பொருந்தாது என்பதே திருத்தத்தின் சாரம். மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்து, அனுமதியின்றி அத்திருத்தத்தின் மீது செயல்படக் கூடாது என்றது. அந்நாள்களில் குருகிராமின் அடுக்ககவாசிகள் குழந்தைகளோடு தெருவில் இறங்கினர். காற்று மாசில் மூச்சுத் திணறும் நகரத்துக்குக் குன்றுகள்தாம் நுரையீரல் என்பது அவர்களின் முழக்கம். அம்முழக்கம் பொய்யன்று. ஆனால், முழக்கமிட்டவர்கள் குடியிருந்த நகரமே, அதே குன்றுகளிலிருந்து அகழ்ந்த கல்லாலும் மணலாலும் எழுந்தது. ஆரவல்லியில் சுரங்கங்களுக்கு 2002-இல் உச்ச நீதிமன்றம் தடை விதிக்கும்வரை பல பத்தாண்டுகள் கல்லுடைத்த தொழிலாளர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி அந்த ஊர்வலங்களில் எழவில்லை. சமூகவியலாளர் அமிதா பவிஸ்கர் ‘பூர்ஷ்வா சூழலியம்’ என்று பெயரிட்ட போக்கு இதுதான்: தூய காற்றும் பசுமையும் வேண்டும் என்பதோடு, ஏழைகளின் குடியிருப்பு கண்ணில் படக் கூடாது என்பதும் ஓசையின்றிச் சேர்ந்துகொள்ளும் போக்கு.

கல்லுடைத்தவர்களில் ஒரு பகுதியினர் கோரியில் இருந்தனர். லக்கர்பூர்–கோரி கிராம எல்லையில், கைவிடப்பட்ட சுரங்கப் பள்ளங்களின் ஓரத்தில் வளர்ந்த குடியிருப்பு அது. சுரங்கங்கள் மூடிய பிறகு வீட்டுவேலை, கட்டுமானம், ஆட்டோ ஓட்டுதல் என்று தில்லியின் அன்றாட உழைப்புக்கு ஆள் தந்த ஊராகப் பெருகியது. அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் சும்மா வந்து குடிசை போட்டவர்கள் அல்லர். தரகர்களிடம் பணம் கொடுத்து, அதிகாரப் பத்திரம் என்ற பெயரில் ஒரு காகிதம் வாங்கிக் கொண்டவர்கள். 2021 ஜூன் 7 அன்று, பெருந்தொற்றின் இரண்டாம் அலை முழுதாக ஓயாத நேரத்தில், வனநிலத்தில் சமரசம் இல்லை என்று சொல்லி, ஏறத்தாழ 10,000 வீடுகளை ஆறு வாரத்துக்குள் அகற்ற உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஜூலை 14 அன்று, மழைக்கிடையே இடிப்பு தொடங்கியது. இரண்டு நாள் கழித்து ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை வல்லுநர்கள், ஏறத்தாழ ஒரு லட்சம் பேரும் அவர்களில் 20,000 குழந்தைகளும் வெளியேற்றப்படுவதைச் சுட்டி, இந்திய அரசு அதை நிறுத்த வேண்டும் என்று கோரினர். நிற்கவில்லை.

மறுகுடியமர்வுக்கான தகுதிகளைப் படிப்பது பயனுள்ளது. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அதோடு, பட்கல் சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர், ஹரியாணாவின் குடும்ப அடையாள அட்டை, ஹரியாணா மின்வாரிய இணைப்பு ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். கோரியோ தில்லி–ஹரியாணா எல்லைமேல் அமர்ந்த ஊர். பலருக்கு ஆவணங்கள் எல்லைக்கு அப்பால், தில்லி முகவரியில் இருந்தன. மின்சாரமோ இடைத்தரகர் இழுத்துத் தந்த கம்பியில் வந்தது. சட்டப்பூர்வ இணைப்பைக் கொடுக்க மறுத்த அரசே, அந்த இணைப்பின் ரசீதைக் கேட்டது. தகுதி பெற்றவர்களுக்குக் காட்டப்பட்டவை டபுவா காலனியில் நெடுநாள் பூட்டிக் கிடந்த அடுக்குமாடி வீடுகள். காந்த் என்கிளேவில் மனை வாங்கியவரும் ஏமாற்றப்பட்டவரே, கோரியில் அதிகாரப் பத்திரம் வாங்கியவரும் ஏமாற்றப்பட்டவரே. முன்னவர் அரசின் முத்திரையை நம்பினார், பின்னவர் தரகனின் கையொப்பத்தை நம்பினார். ஒருவருக்கு 50 லட்சம் கிடைத்தது. மற்றவர், தாம் அங்கே வாழ்ந்ததையே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

கோரி இடிந்த நாள்களில், அதே குன்றின் பண்ணை வீடுகளும் திருமண மண்டபங்களும் பெரும்பாலும் அப்படியே நின்றன. அவற்றின் உடைமையாளர்கள் நீதிமன்றத்தில் வைத்த வாதம் எளியது: நிலம் எங்கள் பட்டா, 1900-ஆம் ஆண்டுச் சட்டம் உடைமையைத் தொடுவதில்லை, ஆகவே இது காடன்று. 2022 ஜூலை 21 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளியது. அச்சட்டத்தின் நான்காம் பிரிவின் கீழ் சிறப்பு ஆணைக்கு உட்பட்ட நிலம் எல்லாம் காட்டின் தன்மை கொண்டதே, பட்டா எவருடையதானாலும் வனப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்றது. கொள்கையளவில் இத்தீர்ப்பு ஏழைக்கும் செல்வருக்கும் ஒன்றே. நடைமுறைக்கு வர மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின. 2025-இன் கோடையில் இடிப்பு இயந்திரங்கள் அனங்பூர், லக்கர்பூர் பகுதிகளுக்கு மீண்டும் வந்தபோது, மண்டபங்களோடு கிராமத்தாரின் வீடுகளும் பட்டியலில் இருந்தன. தோமர் மன்னன் அனங்பாலின் பெயரைத் தாங்கி, அவன் காலத்து அணையை இன்றும் வைத்திருக்கும் ஊர் அது. சட்டம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று சொல்லி, ஊரார் மகாபஞ்சாயத்துக் கூட்டினர். அவர்களில் பங்கு விற்றவர்களும் இருந்தார்கள். விற்பதற்குப் பங்கே இல்லாதவர்களும் இருந்தார்கள். ஊர்நத்தம் விரிவதற்கு இடம் குறிக்காமல், நாற்புறமும் குன்றை அறிவிக்கை செய்துவிட்டால், பேரன் தனக்கென ஒரு வீடு எங்கே கட்டுவான் என்ற கேள்விக்கு வனத்துறையிடமும் நகரமைப்புத் துறையிடமும் விடை இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு வந்தது உயரக் கணக்கு. 2025 நவம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம், சுற்றுப்புற நிலமட்டத்திலிருந்து 100 மீட்டருக்குக் குறையாமல் எழும் நிலவடிவமே ஆரவல்லிக் குன்று என்ற வல்லுநர் குழுவின் வரையறையைச் சுரங்க ஒழுங்குமுறைக்காக ஏற்றது. ஆரவல்லி உலகின் மிகப் பழைய மலைத்தொடர்களில் ஒன்று. தேய்ந்து தேய்ந்து தாழ்ந்ததே அதன் முதுமைக்குச் சான்று. தில்லிக்கு அருகே அதன் பெரும்பகுதி அந்த அளவைத் தொடாது. ராஜஸ்தானிலிருந்து ஹரியாணா வரை எதிர்ப்பு எழுந்தது. டிசம்பர் 29 அன்று நீதிமன்றம் தானாகவே முன்வந்து, தன் ஆணையை நிறுத்திவைத்து, புதிய ஆய்வுக்கு வழி திறந்தது. உழமுடியாது என்பதால் ஒரு காலத்தில் பதிவேட்டில் மலையானது, உயரம் போதாது என்பதால் இன்னொரு காலத்தில் மலையல்லாமற் போகப் பார்த்தது.

மாங்கர் பள்ளத்தாக்கின் பங்குப் பத்திரங்கள் இன்னும் செல்லுபடியாகும் ஆவணங்களே. 677 ஏக்கரில் கட்டுமானம் கூடாது என்ற முடிவு அவற்றை ரத்து செய்யவில்லை. ஊர் முதியவர்கள் பாபாவின் கோயிலில் இன்றும் பால் வைக்கிறார்கள். பனியின் எல்லையில் ஆடு மேய்ப்பவர்கள் மந்தையை வெளிப்புறமாகவே திருப்பி ஓட்டுகிறார்கள். கோரி இருந்த இடத்தில் செங்கல் சில்லுகளுக்கு நடுவே முதலில் முளைத்தது தௌ அன்று, சீமைக்கருவேலம்.